மறு: ஃபில்டர் ஸ்கர்ட்டுக்குத் தமிழ் – "கரைச்சரிவு"ன்னு வைக்கலாமா?

ஹாம் ரேடியோ நண்பர்களுக்கு வணக்கம்,

ஃபில்டர்ங்கறது வேணுங்கற அலைவெண்கள (ஃப்ரீக்வென்சி) மட்டும் விட்டு மத்தத அடைக்கற சுற்று. அதோட வரைபடத்துல தட்டையான மேல்பகுதிக்கு ரெண்டு பக்கமும் இறங்கற சாய்வத்தான் ஸ்கர்ட்னு சொல்றோம். அதுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடறோம், உங்க கருத்துக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

> ஸ்கர்ட்ங்கறது உலகம் பூரா சொல்ற வார்த்தை, அப்படியே விட்டுடலாமே.

பெஞ்சுல உக்காந்து சால்டர் பண்ணும்போது நானும் ஸ்கர்ட்னுதான் சொல்றேன், கிரிஸ்டல்னுதான் சொல்றேன், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல ஓஎம் (ஓல்ட் மேன், ஹாம் நண்பர அழைக்கற பேர்). எழுதும்போதுதான் மாட்டுது. போன வருஷம் ஒரு பாலிடெக்னிக்ல பிள்ளைங்களுக்கு ஏணி ஃபில்டர் (குவார்ட்ஸ் கிரிஸ்டல்கள ஏணி மாதிரி வரிசையா கோத்துக் கட்டறது) கட்டிக் காட்டப் போனப்ப தமிழ்ல நாலு பக்கம் குறிப்பு எழுதிக் கொண்டுபோனேன், அதுல வேற வழி தெரியாம "பாவாடை"ன்னே போட்டுட்டேன். பசங்க சிரிச்சாங்க, முன் வரிசைல இருந்த பொண்ணுங்க தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அவங்க ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல. நல்லா ஆர்வமா வந்து உக்காந்த பிள்ளைங்க, ஒரு வார்த்தையால வாய மூடிக்கிட்டாங்களேன்னு இன்னமும் எனக்கு மனசு ஆறல. அதனாலதான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுறேன்.

> அப்ப விளிம்புன்னு வச்சுக்கலாம்.

விளிம்பு நமக்கு வேற வேலைக்கு வேணும். பாஸ்பேண்ட் (ஃபில்டர் தடுக்காம விடற அலைவெண் பட்டை) எங்க முடியுதோ, அதாவது சிக்னல் 6 டெசிபல் குறையிற அந்தப் புள்ளி, அதுதான் விளிம்பு. ஸ்கர்ட்ங்கறது அந்தப் புள்ளியில ஆரம்பிச்சு கீழ தரை (சிக்னல் அதுக்கு மேல குறையாத அடிமட்டம்) வரைக்கும் இறங்கற முழு பக்கம். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா "விளிம்புல கேரியர வை"ன்னு சொன்னா எங்க வைக்கறது? பிஎஃப்ஓவ, அதாவது பேச்ச திரும்ப எடுக்க ரிசீவர் உள்ளயே உண்டாக்கற கேரியர் அலைய, சாதாரணமா 20 டெசிபல் இறங்கின இடத்துலதான் வைப்போம், அது விளிம்பு இல்ல, இறக்கத்துல கொஞ்ச தூரம் தள்ளி.

வெறும் "சரிவு"ம் ஏற்கெனவே நூறு இடத்துல ஓடுது, பங்குச்சந்தை சரிவுல இருந்து மலைச்சரிவு வரைக்கும். தனியா நின்னா எதோட சரிவுன்னு கேக்கத் தோணும்.

போன ஞாயித்துக்கிழமை நடந்தத சொல்றேன், எனக்கு இந்தச் சொல் வந்தது அங்கதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்த 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 இருந்துச்சு, குட்டைக் கேன் இல்ல, உசரக் கேன், அதுக்குத்தான் க்யூ (இழப்பு எவ்வளவு கம்மிங்கறதோட அளவு) நல்லா இருக்கும். ஒவ்வொண்ணா ஆஸிலேட்டர்ல (கிரிஸ்டல அதிர வைக்கற சுற்று) சொருகி அலைவெண்ண கவுண்டர்ல படிச்சு, கடைசி நாலு இலக்கத்த மார்க்கர்ல கேன் மேலயே எழுதிட்டே வந்தேன். கைல புடிச்ச சூட்டுக்கே எண்ணு ஓடும், சொருகிட்டு ஒரு நிமிஷம் விட்டாத்தான் நிக்கும், இடுக்கில எடுத்து வச்சா இன்னும் நல்லது. ஜி3யூயூஆர்ங்கற பிரிட்டிஷ் ஹாமோட முறைல சின்ன கெப்பாசிட்டர சீரிஸ்ல சுவிட்ச் பண்ணி அலைவெண் எவ்வளவு நகருதுன்னு பாத்து மோஷனல் கெப்பாசிட்டன்ஸையும் (ஃபில்டர் வடிவமைக்கத் தேவையான கிரிஸ்டலோட உள் அளவு) கணக்குப் போட்டுக்கிட்டேன். 25ல 50 ஹெர்ட்ஸுக்குள்ள அடங்கின 4 கிடைச்சுது. ஹைதராபாத் அஷர் ஃபர்ஹானோட பிட்எக்ஸ் 20 (வீட்டுலயே கட்டற ஹாம் ரேடியோ) கட்டினவங்களுக்கு இந்த 10 மெகாஹெர்ட்ஸ் வேலை பழக்கம்தான்.

கட்டி முடிச்சு நானோவிஎன்ஏல (ஃபில்டரோட வரைபடத்த திரைல காட்டற சின்னக் கருவி) போட்டா மேல மூணு மேடு. ஃபில்டரோட இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட 200 ஓம், கருவியோடது 50 ஓம், பொருத்தாம நேரடியா மாட்டினா அப்படித்தான் வரும். ரெண்டு முனைலயும் டொராய்டுல (வளையக் காந்தக் கரு) 1க்கு 4 டிரான்ஸ்ஃபார்மர் சுத்தி மாட்டினதும் மேடு எல்லாம் படிஞ்சு மேல தட்டையாச்சு. ஆனா அடில 52 டெசிபலுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது, எவ்வளவு நகட்டினாலும் அதே கோடு. கடைசில பாத்தா உள்ள போற ஒயரும் வெளிய வர்ற ஒயரும் பக்கத்துல பக்கத்துல, சிக்னல் ஃபில்டர் வழியா போகாமலே சுத்திப் போய் அந்தப் பக்கம் சேருது. நடுவுல ஒரு துண்டு காப்பர் கிளாட் போர்டு நிறுத்தி, கேன் நாலையும் கிரவுண்டுக்கு சால்டர் பண்ணினதும் 68க்குப் போச்சு.

அப்ப பக்கத்துல இருந்த எங்கப்பா எட்டிப் பாத்துட்டு "என்னடா, கண்மாய்க்கரைய குறுக்க வெட்டின மாதிரி இருக்கு"ன்னாங்க. அவங்க குடிமராமத்து வேலையெல்லாம் நின்னு பாத்தவங்க. திரையப் பாருங்க, நிஜமாவே அதுதான்: மேல வண்டி போற அளவுக்குத் தட்டை, ரெண்டு பக்கமும் இறக்கம், தண்ணிப் பக்கம் ஒரு சாய்வு, வயல் பக்கம் ஒரு சாய்வு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. நம்ம ஏணி ஃபில்டருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. கிரிஸ்டல சீரிஸ்லயும் கெப்பாசிட்டர கிரவுண்டுக்கும் போட்டுக் கட்டினா, கிரிஸ்டலோட பேரலல் ரெசனன்ஸ் (அது சிக்னல ரொம்பத் தடுக்கற அலைவெண்) மேல் அலைவெண் பக்கம் உக்காந்திருக்கறதால அந்தப் பக்கம் செங்குத்தா விழும், கீழ்ப் பக்கம் இழுத்துக்கிட்டே போகும். அதனாலதான் கேரியர மேல் பக்கம் வச்சு எல்எஸ்பி (கேரியருக்குக் கீழ இருக்கற பக்கப்பட்டை) எடுக்கறோம். நான் சுத்தி வளைச்சு சிக்னல் கசியுதுன்னு சொன்னேனே, அதுக்கும் அப்பா "கரை கசியுது"ன்னுதான் சொன்னாங்க. அதுக்கு மேல நான் எந்த அகராதியும் பொரட்டல.

"கரைச்சரிவு". ஸ்கர்ட்டுக்கு இதுதான் என் பரிந்துரை.

> கரைன்னா ஆத்தங்கரையும்தானே, அங்க நடுவுல பள்ளம்ல இருக்கு?

நல்ல கேள்வி, ரெண்டு நாள் யோசிச்சேன். பழைய புத்தகங்கள்ல வரைபடத்த தலைகீழாப் போட்டிருப்பாங்க, இழப்பு மேல் நோக்கி ஏறும், பாஸ்பேண்ட் நடுவுல பள்ளமா இருக்கும். அந்தப் படத்துல சிக்னல் ரெண்டு கரைக்கும் நடுவுல ஆறு மாதிரி போகுது, ரெண்டு பக்கமும் ஏர்றது கரைச்சரிவுதான். நானோவிஎன்ஏ படத்துல கண்மாய்க்கரை, பழைய படத்துல ஆத்தங்கரை, எப்படித் திருப்பினாலும் சொல் நிக்குது. துணின்னே வேணும்ங்கறவங்களுக்கு வேட்டிக்கரை, சேலைக்கரை இருக்கவே இருக்கு.

இடம் குறிக்க மேல்கரை கீழ்கரை வேண்டாம்னு நினைக்கறேன், மேல்னா அதிக அலைவெண்ணா இல்ல சரிவோட உச்சிப் பக்கமான்னு குழப்பம் வரும். படத்துல அலைவெண் எப்பவும் இடதுல இருந்து வலதுக்குத்தான் ஓடுது, அதனால இடச்சரிவு, வலச்சரிவு. என்னோடதுல இடச்சரிவு 6ல இருந்து 60 டெசிபல் இறங்க 4.9 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்குது, வலச்சரிவு 1.8லயே முடிஞ்சுது. தமிழ்ல ஒரே வரில சொல்ல முடிஞ்சுதுல்ல?

இன்னொண்ணும் கூடவே வருது. ஷேப் ஃபேக்டருக்கு "உருவக் காரணி"ன்னு எழுதறோம், படிக்கறவனுக்கு அதுல இருந்து ஒண்ணும் புரியாது, எந்த உருவம், எதுக்குக் காரணி? கரை வேலைக்கு மதிப்பீடு போடறவங்க மேலகலம், அடியகலம்னு ரெண்டே அளவுல சொல்லிடுவாங்க. 6 டெசிபல்ல இருக்கற அகலம் மேலகலம், 60ல இருக்கறது அடியகலம், அடியகலத்த மேலகலத்தால வகுத்தா கரை விகிதம். எனக்கு மேலகலம் 2.4 கிலோஹெர்ட்ஸ், அடியகலம் 9.1 கிலோஹெர்ட்ஸ், விகிதம் கிட்டத்தட்ட 3.8. நாலு கிரிஸ்டலுக்கு இது பரவால்ல, எட்டு போட்டா 2 பக்கத்துல கொண்டு வரலாம், கரை செங்குத்தாகும். அந்தப் பிள்ளைங்களுக்கு இப்படிச் சொல்லியிருந்தா கரும்பலகைல படம் போடுறதுக்கு முன்னாடியே புரிஞ்சிருக்கும், பாதிப் பேர் கண்மாய் பாத்து வளந்த பிள்ளைங்க.

ஒரே ஒரு வேண்டுகோள், யார் அளவு எழுதினாலும் எத்தனை டெசிபல்ல எடுத்ததுன்னு கூடவே எழுதுங்க. சிலர் மேலகலத்த 3ல எடுக்கறாங்க, அப்ப விகிதம் வேற வரும். தரை 60க்கு இறங்காத ஃபில்டர்ல அடியகலம் எழுதவே கூடாது, முதல்ல கசிவ அடைக்கணும்.

அந்தப் பாலிடெக்னிக்ல திரும்பக் கூப்பிட்டிருக்காங்க, நாலு பக்கத்தையும் திருத்திக்கிட்டு இருக்கேன். "கரைச்சரிவு"ல யாருக்காவது ஒப்புதல் இல்லன்னா அதுக்குள்ள சொல்லிடுங்க. எட்டு கிரிஸ்டல் ஒண்ணு பாதி கட்டி வச்சிருக்கேன், முடிஞ்சதும் இட, வல அளவோட அனுப்பறேன்.

73 (ஹாம் வழக்கப்படி நல்வாழ்த்துகள்)