ஜெர்மனி மாஸ்டர்ஸ் தேடுற டூல்: "இது உனக்கு ஆகாது"ன்னு டூல் முடிவு பண்ணலாமா?

கோடம்பாக்கம்_கோடர்:
மக்களே, ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து நாங்க மூணு பேரு ஒரு தேடல் டூல் கட்டிட்டு இருக்கோம், ஜெர்மனில இங்கிலீஷ்ல நடக்குற மாஸ்டர்ஸ் கோர்ஸுக்கு மட்டும். என் தம்பி போன வருஷம் பிரவுசர்ல எண்ணிக்கையே இல்லாம டேப் திறந்து வச்சுக்கிட்டு எக்செல்ல ஒவ்வொண்ணா ஒட்டிட்டு இருந்தான், அதப் பாத்து வந்த யோசனைதான். டிகிரி, சிஜிபிஏ, ஐஈஎல்டிஎஸ் ஸ்கோர் மூணையும் போட்டா கிடைக்க வாய்ப்பில்லாத கோர்ஸ மறைச்சிட்டு மிச்சத்த மட்டும் காட்டும். இந்த மறைக்கிற விஷயத்துலதான் டீமுக்குள்ள சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?

பவேரியா_பையன்:
மறைக்காதீங்க ப்ரோ, தயவுசெஞ்சு. எந்த சிஜிபிஏவ வச்சு மறைப்பீங்க? நம்ம மார்க்க அவங்க கிரேடா மாத்துறதுக்கு பவேரியன் ஃபார்முலா இருக்குல்ல, 1 + 3 × (அதிகபட்சம் − நம்ம மார்க்) ÷ (அதிகபட்சம் − பாஸ் மார்க்). அவங்க கிரேடு 1ல ஆரம்பிக்கும், எண் குறைய குறைய நல்லது. என் சிஜிபிஏ 7.4. பாஸ் மார்க் 5ன்னு வச்சா 2.56 வரும். 4ன்னு வச்சா 2.3. 6ன்னு வச்சா 2.95. நான் கேட்ட கோர்ஸுக்கு 2.5 இல்லனா அதுக்குக் கீழ வேணும். ஆன்லைன்ல கிடைச்ச ஒரு கால்குலேட்டர் 5ன்னு எடுத்துக்கிட்டு ஊத்திக்கும்னு சொல்லிருச்சு, நானும் ரெண்டு நாள் மூஞ்ச தொங்கப் போட்டுட்டு திரிஞ்சேன், அப்புறம் மார்க்‌ஷீட் பின்பக்கம் திருப்பிப் பாத்தா எங்க காலேஜ்ல பாஸ் கிரேடு 4. இப்ப அந்த கோர்ஸ்லதான் படிக்கிறேன். உங்க டூல் அன்னைக்கு இருந்திருந்தா எனக்கு அந்த கோர்ஸ் பேரே தெரிஞ்சிருக்காது.

அரியர்_அரசன்:
பையா உனக்கு லக்கு அடிச்சிருக்கு அத வச்சு ஊருக்கே ரூல் போடாத. பல யூனிவர்சிட்டிக்கும் அப்ளிகேஷன வாங்கி சரிபாக்குற யூனி-அசிஸ்ட்ல முதல் அப்ளிகேஷன் 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30. நான் 9 போட்டேன். 315 யூரோ. அதுக்கு முன்னாடியே நம்ம டிகிரி, மார்க்‌ஷீட்ட சரிபாத்துக் குடுக்குற ஏபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்கு 18,000 ரூபா, 2022 நவம்பர்ல இருந்து அது இல்லாம நம்ம ஊர்ல இருந்து பெரும்பாலானவங்க ஸ்டூடெண்ட் விசாவுக்கே போக முடியாது. அந்த 9ல 6 பேரு ஒரே வார்த்தைதான் எழுதி அனுப்பினாங்க, தேவையான கிரெடிட் இல்லைன்னு. இத முன்கூட்டியே ஒரு டூல் மறைச்சிருந்தா எங்கப்பா எல்ஐசி பாலிசி மேல லோன் போட்டிருக்க மாட்டாரு. மறைங்க. தாராளமா மறைங்க.

பவேரியா_பையன்:
நீயே சொல்ற பாரு, கிரெடிட் இல்லைன்னு. சிஜிபிஏ ஃபில்டர் உன்ன எப்படி காப்பாத்தியிருக்கும்? 😄

அரியர்_அரசன்:
அப்ப கிரெடிட் ஃபில்டர் வைக்கச் சொல்லு, அதுக்கு ஏன் மறைக்கவே கூடாதுங்குற

மெக்கானிக்கல்_மச்சான்:
நடுவுல வரேன், ஏன்னா கிரெடிட் ஃபில்டர் சொல்ற அளவுக்கு ஈஸி இல்ல. நம்ம பி.இ. நாலு வருஷத்துக்கு 160 கிரெடிட்னு வைங்க, அவங்க கணக்குல வருஷத்துக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பாவோட கிரெடிட் அளவு), நாலு வருஷம் 240. ஆக ஒண்ணுக்கு ஒன்றரை. கோர்ஸ் பேஜ்ல "கணிதம் 30 ஈசிடிஎஸ்"னு இருக்கும். என் டிரான்ஸ்கிரிப்ட்ல மேத்ஸ்-1, மேத்ஸ்-2, நியூமரிக்கல் மெத்தட்ஸ் மூணும் நாலு நாலு கிரெடிட், 18 ஈசிடிஎஸ். அப்புறம் டிபிடிஇ. நாம எல்லாரும் கண்ணீர் விட்ட அதே டிபிடிஇதான், டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அந்தப் பேர்ல மேத்ஸ்ங்குற வார்த்தை எங்கயாவது இருக்கா? பேர வச்சு தேடுற டூல் அத விட்டுரும், 6 போச்சு. அதச் சேத்தாலும் 24தான். ஃபைனைட் எலிமெண்ட் பேப்பர மேத்ஸ்ல சேப்பாங்களா மெக்கானிக்கல்ல சேப்பாங்களாங்குறது சிலபஸ படிக்கிற அந்த ஊர் புரொபசர் கையில இருக்கு. கோடர், இதுல எந்த எடத்துல நீங்க "இல்ல"ன்னு கோடு போடுவீங்க?

கோடம்பாக்கம்_கோடர்:
டிபிடிஇ மேட்டர் நிஜமா யோசிக்கவே இல்ல மச்சான். நாங்க "மேத்ஸ்"னு தேடித்தான் கூட்டிட்டு இருந்தோம் 🤦

டெட்லைன்_அக்கா:
தம்பிகளா, எல்லா கோர்ஸும் ஒரே ரகம் இல்ல, அத முதல்ல பிரிங்க. சில கோர்ஸ் சுலாசுங்ஸ்ஃப்ரை, அதாவது சீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, கேட்ட கண்டிஷன் இருந்தா எடம் உண்டு. அங்க ஃபில்டர் அழகா வேலை செய்யும். டியூஎம் (மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி) மாதிரி எடத்துல நெறைய கோர்ஸுக்குத் தகுதிகாண் முறை இருக்கு; பாடம், மார்க், மோட்டிவேஷன் லெட்டர் எல்லாத்துக்கும் பாயிண்ட் போட்டுப் பாப்பாங்க, அங்க உங்க டூல் வாய மூடிட்டு இருக்கறதுதான் நல்லது.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு முக்கியம். ஃபில்டர்ல "ஃபீஸ் இல்ல"ன்னு ஒரு டிக் வச்சிருப்பீங்கல்ல? பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017 வின்டர்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. டியூஎம்ல 2024 வின்டர்ல இருந்து புதுசா சேர்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பெரும்பாலான மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 இல்லனா 6,000 யூரோ. இன்னைக்கும் பாதி யூடியூப் வீடியோ ஜெர்மனின்னா ஃப்ரீன்னுதான் சொல்லிட்டு இருக்கு. டெட்லைனும் அப்படித்தான், ஜூலை 15ன்னு பொதுவா போட்டுருவாங்க, நம்ம ஆளுங்களுக்கு அது மே 31ஆவோ மார்ச்சாவோ இருக்கும், ரெண்டும் ஒரே பக்கத்துல கீழ மேல இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எப்ப பாத்து எழுதினதுன்னு தேதி போடுங்க. அது இல்லாத டூல நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

நைட்ஷிப்ட்_நண்பன்:
வெளிநாட்டு ஸ்டூடெண்ட்ஸுக்கு உதவுற ஜெர்மன் அமைப்பு டிஏஏடியோட சைட்டே ஓசில எல்லாம் காட்டுதே, எதுக்குப்பா இன்னொண்ணு

டெட்லைன்_அக்கா:
டிஏஏடில கோர்ஸ் தேடலாம், ஊரு ஃபீஸு எல்லாம் பிரிச்சுப் பாக்கலாம். நம்ம டிரான்ஸ்கிரிப்ட உள்ள போட்டு ஒப்பிட முடியாதே. கோடர் கட்ட வேண்டியது அந்த ஒரு துண்டுதான்.

கோடம்பாக்கம்_கோடர்:
சரி, கேட்டதெல்லாம் வச்சு இப்படி பண்ணலாம்னு பாக்குறேன். எதையும் மறைக்கல. ஒவ்வொரு கோர்ஸுக்கும் கீழ ஒரு வரி: "கணிதம் 30 கேக்குது, உங்ககிட்ட 24 தெரியுது, ஃபைனைட் எலிமெண்ட் சேந்தா 30". பாஸ் மார்க் என்னன்னு நாங்களே ஊகிக்காம யூசர்கிட்டயே கேட்டுருவோம், மார்க்‌ஷீட் பின்பக்கம் எங்க பாக்கணும்னு ஒரு படத்தோட. நெறைய குறையுற கோர்ஸ் லிஸ்ட்ல கீழ போயிரும்.

பவேரியா_பையன்:
கீழ போறதும் மறைக்கிறதும் ஒண்ணுதான் ப்ரோ. போன்ல எவன் மூணாவது பக்கம் வரைக்கும் தள்ளிட்டுப் போறான்?

அரியர்_அரசன்:
315 யூரோ போனவன் போவான்டா

பவேரியா_பையன்:
போனதுக்கு அப்புறம்தானே 🙂

அரியர்_அரசன்:
சரி கோடர், உன் டூல என்ன வச்சே டெஸ்ட் பண்ணு. டிரான்ஸ்கிரிப்ட் பிடிஎஃப் அனுப்புறேன், பேர் மட்டும் அழிச்சிட்டு. அந்த 9 கோர்ஸையும் ஓட விடு. 6 ரிஜெக்‌ஷனுக்கும் காரணத்த அதுவா சரியா சொல்லுச்சுன்னா, மறைக்கிறதப் பத்தி நான் அப்புறம் வாயே திறக்கல.

மெக்கானிக்கல்_மச்சான்:
மிச்ச 3 என்னாச்சு?

அரியர்_அரசன்:
ரெண்டு இன்னும் பதில் வரல. ஒண்ணு டெட்லைன் தாண்டிப் போட்டது. ஜூலை 15ன்னு நெனச்சேன் 😶