பதினான்கு தப்படி: வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நனையாமல் நடக்க முடியுமா?

செங்காங்வாசி:
நேற்று ஒருவர் இந்த இணைய மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குக் காரும் வேண்டாம், குடையும் வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் இறங்கினால் ரயில் நிலையம் வரை ஒரு சொட்டு நனையாமல் நடந்து போகலாம்" என்று எழுதியிருந்தார். என் வீடு பதினாறாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தைத் தாண்டி, கூரையிட்ட நடைபாதையில் கால் வைத்தால் சாலை வரும் வரைக்கும் சுகம்தான். சாலையோரத்தில் கூரை நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் பதினான்கு தப்படி வெட்டவெளி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சுமாத்ரா காற்றோடு மழை கொட்டியது. கூரை விளிம்பில் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு பச்சை விளக்குக்காக நின்றோம். என் மகளின் புத்தகப்பையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பை நனையவில்லை, நான் நனைந்தேன். அன்று மாலை வரை குளிரூட்டிய அலுவலகத்தில் ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தேன். எதை வைத்து 'ஒரு சொட்டு நனையாமல்' என்கிறார்கள்?

லோரோங் நான்கு:
அதை எழுதியவன் நான்தான். நேராக என்னிடமே கேட்டிருக்கலாம், தம்பி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோ பாயோவில் இருக்கிறேன். 1987 நவம்பர் 7ஆம் தேதி ஈயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதன்முதலாக ரயில் ஓடியபோது மேடையில் முண்டியடித்த கூட்டத்தில் நானும் நின்றேன். அன்று முதல் ஓய்வு பெறும் வரை குடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. எங்கள் நகர மையத்தின் கடைத்தெரு காலால் நடப்பவருக்காகவே கட்டப்பட்டது. 2002இல் பஸ் நிலையத்தையே குளிரூட்டி ரயில் நிலையத்தோடு சேர்த்துவிட்டார்கள். சந்தை, நூலகம், மருந்தகம், காப்பிக்கடை என்று எதற்கும் வெயிலில் இறங்க வேண்டியதில்லை. செங்காங்கில் வீடு வாங்கிக்கொண்டு தோ பாயோக்காரனிடம் சண்டைக்கு வருவது என்ன நியாயம்? பதினான்கு தப்படியில் யாரும் கரைந்துபோக மாட்டார்கள்.

செங்காங்வாசி:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம், எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. நேற்று 'ஒரு சொட்டு நனையாமல்' என்றீர்கள், இன்று 'கரைந்துபோக மாட்டார்கள்' என்கிறீர்கள். இரண்டில் எது உங்கள் சொல்? நீங்கள் தோ பாயோவைப் பற்றி மட்டும் எழுதவில்லை, சிங்கப்பூர் என்று எழுதினீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த திட்டத்தில் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் வரைக்கும் கூரை. எங்களைப் போல எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்தை நம்பியிருப்பவருக்கு 200 மீட்டர்தான். மழைக்கு இந்தக் கணக்குத் தெரியுமா?

அஞ்சடி:
கூரைக்கடியில் நடப்பது ஏதோ வீவக கண்டுபிடித்தது என்பது போலப் பேசுகிறீர்கள். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியாகக் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்று இருக்கிறது. அதைத்தான் நம் முன்னோர் அஞ்சடி என்றார்கள். சிராங்கூன் சாலையில் இன்றும் அஞ்சடி வழியாகவே கடை கடையாகப் போகலாம். இரண்டு மாடிக் கடைவீடு தந்த நிழலை ஐம்பது மாடிக் கோபுரம் தருமா? நகரம் என்றால் அதுதான் நகரம்.

லோரோங் நான்கு:
அஞ்சடியார் வந்துவிட்டார். சென்ற தடவை தேக்கா சந்தை மீன் விலையைப் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் 1822ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐயா, உங்கள் அஞ்சடியில் நான் போன ஞாயிறு நடந்தேன். வெங்காய மூட்டை, வாழைத்தார், பூக்கட்டும் மேசை. நான்கு இடத்தில் சாலையில் இறங்கி ஏறினேன். கடைக்காரர் பொருளைப் பரப்புவதும் அதிகாரிகள் துரத்துவதும் அங்கே பழங்கதை. 1888இல் அஞ்சடியைக் காலி செய்யச் சொன்னதற்காகக் கலவரமே நடந்தது. வரலாறு எனக்கும் தெரியும்.

அஞ்சடி:
மீன் விலையில் நான் சொன்னதுதான் சரி என்று அன்று மூன்று பேர் எழுதினார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை உங்களுக்கு.

மழைக்குருவி:
பதினான்கு தப்படி என்று இரண்டு ஆண்களும் மல்லுக்கட்டுகிறீர்கள். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, சக்கர நாற்காலியில் இருக்கிறார். எங்கள் பழைய புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. மேம்பாட்டுத் திட்டத்தில் மாற்றிக் கொடுக்கும் வரை, நாற்காலியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைக் கைத்தாங்கலாக ஒரு மாடி இறக்கித்தான் மின்தூக்கிக்கே கொண்டு போவேன். இன்று வாசலிலேயே மின்தூக்கி நிற்கிறது. சறுக்குப்பாதை இருக்கிறது. மூத்தோர் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரிகிறது. இதையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்களுக்குத் தொல்லை மழை அல்ல, பிற்பகல் மூன்று மணி வெயில். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தை அது எட்டிப்பிடித்தது. அன்று நாங்கள் பலதுறை மருந்தகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாலை ஓரத்தில் விளக்கு மாறக் காத்திருந்தபோது நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் அம்மா கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். நடக்கத் தகுந்த நகரம் என்று சொல்பவர்கள் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

லோரோங் நான்கு:
சகோதரி, உங்கள் அம்மா நலமாக இருக்க வேண்டும். ஆனால் வெயில் வேறு பேச்சு. இங்கே பேச்சு நனைவதைப் பற்றியது. வெயிலுக்கு வீவக என்ன செய்ததென்றும் சொல்லிவிடுகிறேன்: மேற்கு வெயில் முகத்தில் அறையாதபடி வடக்கு, தெற்கு பார்த்துத்தான் பெரும்பாலான புளோக்குகளை நிறுத்தினார்கள். கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்டதால் காற்று ஊடாகப் போகிறது. உச்சி வெயிலில் எங்கள் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறோம், வியர்ப்பதில்லை. 1972இல் எலிசபெத் அரசியார் வந்தபோது எங்கள் பேட்டையின் புளோக் 53 உச்சியில் ஏற்றித்தான் ஊரைக் காட்டினார்கள். பத்தொன்பது மாடி, மூன்று கிளையாக விரியும் கட்டடம். காட்டுவதற்கு ஏதோ இருந்ததால்தானே காட்டினார்கள்?

செங்காங்வாசி:
அரசியாருக்குக் குடை பிடிக்க ஆள் இருந்திருக்கும். நான் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் வீட்டுக்கும் தோ பாயோ ரயில் நிலையத்துக்கும் நடுவில் சாலை இருக்கிறதா, இல்லையா?

லோரோங் நான்கு:
சாலை வேறு, நடைபாதை வேறு. நடைபாதையில் நனைவதில்லை என்றேன். அதில் மாற்றமில்லை. சாலைக்கு மேலே கூரை போடு என்று சொல்வது எளிது. 4.5 மீட்டர் உயரம் வரை வண்டி போக இடம் விட வேண்டும். ஈரடுக்கு பஸ் போக வேண்டும். அவ்வளவு உயரத்தில் கூரை போட்டால் சாய்ந்தடிக்கும் மழை உள்ளேதான் விழும். நாற்பது ஆண்டு நடந்த கால் சொல்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்காங்வாசி:
சாலையைக் கடக்காமல் பறந்தா போகிறீர்கள்? ஆண்டில் ஏறத்தாழ 170 நாள் மழை பெய்கிற ஊர் இது. பதினான்கு தப்படி போக, பதினான்கு தப்படி வர. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மிதிவண்டி நளன்:
கூரை, கூரை என்று மாய்கிறீர்கள். அந்தக் கூரைக்கடியில் எங்களை விடுகிறீர்களா? நான் உணவு விநியோகம் செய்பவன். 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை. மிதிவண்டிக்கு மாறினேன். மணி அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காவிட்டால் திட்டுகிறார்கள். மழையில் முப்பத்தெட்டாம் மாடிக்குச் சூடாகச் சாப்பாடு கேட்பதும் நீங்கள்தான்.

மழைக்குருவி:
முறைக்காமல் என்ன செய்வது, தம்பி? அம்மாவின் நாற்காலிச் சக்கரத்தை ஒருவர் உரசிக்கொண்டு போனார். நின்று மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நடைபாதை என்ற பெயரே நடப்பவருக்காக வைத்தது.

மிதிவண்டி நளன்:
உரசியவன் நான் இல்லை, அக்கா. ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் ஏன் இழுக்கிறீர்கள்? சாலையில் ஓட்டினால் லாரி உரசுகிறது. அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது?

பெருங்குடிக்குத் திரும்பியவன்:
பதினோரு ஆண்டு பொங்கோலில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவன் எழுதுகிறேன். இப்போதும் மாடி வீடுதான், பதினெட்டாம் மாடி. எதிரே நூறு தப்படியில் காய்கறிக் கடை தெரிகிறது. அதற்குப் போக ராஜீவ் காந்தி சாலையைக் கடக்க வேண்டும். மனைவி ஆட்டோ பிடித்து, தூரத்தில் இருக்கும் திருப்பத்தில் திரும்பி வருகிறார். பதினான்கு தப்படி நனைவதற்காக இத்தனை சண்டையா? நீங்கள் இருக்கும் இடத்தின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை.

செங்காங்வாசி:
அங்கே மோசம் என்பதால் இங்கே நான் நனைய வேண்டுமா? இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எதைக் கேட்டாலும் சென்னையைப் பார் என்கிறார்கள்.

லோரோங் நான்கு:
திரும்பிப் போனவருக்குத் தெரிந்த அருமை இங்கே இருப்பவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன். கார் வாங்கிக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது, அது இல்லாமல் கார் வைத்திருக்க முடியாது. 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவுக்கு அந்தச் சான்றிதழ் மட்டுமே ஒன்றரை லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டது. அதுவும் பத்து ஆண்டுக்குத்தான். நான் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். நடந்தே அனுப்பினேன்.

செங்காங்வாசி:
நீங்கள் வீடு வாங்கிய காலத்து விலை என்ன, இன்றைய விலை என்ன? இன்று தோ பாயோவில் மறுவிற்பனை வீடு பத்து லட்சம் வெள்ளிக்கும் மேல் கைமாறியிருக்கிறது. அந்தப் பணம் இருந்தால் நானும் நிலைய வாசலிலேயே குடியிருப்பேன். நனையாமல் நடப்பது காசு உள்ளவருக்கு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

லோரோங் நான்கு:
என் வீட்டு விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் விற்கவும் இல்லை. குடியிருக்க வாங்கினேன், குடியிருக்கிறேன். பொறாமையை மழையில் கலக்காதீர்கள்.

அஞ்சடி:
பொறாமை என்று சொல்வது தவறு. அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. சாலை இருக்கிறதா, இல்லையா? அஞ்சடியிலும் குறுக்குச் சந்து வந்தால் இரண்டு தப்படி வானம் தெரியும். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் ஒப்புக்கொள்ளலாமே.

லோரோங் நான்கு:
மீன் விலையில் தோற்றதற்கு இங்கே பழிதீர்க்க வேண்டாம்.

இன்று காலை நடந்தே பார்த்துவிட்டு வந்தேன், உங்கள் வாயை அடைப்பதற்காக. பதினொன்று. பதினான்கு இல்லை. நிதானமாக, என் வயதுக்கு ஏற்ற தப்படியில் பதினொன்று.

செங்காங்வாசி:
ஆக, சாலை இருக்கிறது.

லோரோங் நான்கு:
பதினொன்று என்றேன். நீங்கள் பதினான்கு என்று எழுதியது பொய்.

செங்காங்வாசி:
நான் எண்ணியது செங்காங்கில். நீங்கள் எண்ணியது தோ பாயோவில். என் சாலையில் பதினான்குதான். வேண்டுமானால் சனிக்கிழமை காலை வாருங்கள், சேர்ந்தே எண்ணுவோம்.

லோரோங் நான்கு:
செங்காங்குக்கு நான் எதற்கு வர வேண்டும்? தோ பாயோவுக்கு நீங்கள் வாருங்கள். மழை பெய்யும்போதே வாருங்கள். குடை இல்லாமல் நிலையத்தில் வந்து உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன், சட்டையைத் தொட்டுப் பாருங்கள்.

மிதிவண்டி நளன்:
அக்கா, லாரியைப் பற்றிக் கேட்டேனே, அதற்குப் பதிலே சொல்லவில்லையே நீங்கள்.

மழைக்குருவி:
சாலையில் மிதிவண்டிக்குத் தனித்தடம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நடைபாதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

செங்காங்வாசி:
பதினொரு தப்படியிலும் சட்டை நனையும், ஐயா.