டெர்மினேட்னா "நிறுத்து"வாம்! எங்க அத்தைய கேளுங்க

கூடுவாஞ்சேரியான்:
நேத்து வேற ஒரு திரியில ஒரு மேதாவி எழுதியிருந்தாரு, டெர்மினேட்ங்கிறதுக்கு தமிழ்ல "நிறுத்து" ஒண்ணு போதும், மத்ததெல்லாம் பண்டிதர் வேலைன்னு. அந்த மேதாவி வேற யாரும் இல்ல, என் சகலை தான். போன மாசம் எங்க அத்தை எழும்பூருக்கு வராங்க, வண்டி தாம்பரத்துல ஷார்ட் டெர்மினேட்னு, அதாவது எழும்பூர் வரைக்கும் போகாது, அங்கயே பயணம் முடியுதுன்னு, இங்கிலீஷ்ல மெசேஜ். இவரு அத போன்ல "வண்டி தாம்பரத்துல நிறுத்தப்படும் அத்தை"ன்னு சொல்லி வச்சுட்டாரு. தாம்பரத்துல எந்த வண்டி தான் நிக்கல, நின்னா கிளம்பும்னு அவங்க பாட்டுக்கு முறுக்கு டப்பாவ மடியில வச்சுகிட்டு உக்காந்திருக்காங்க, விளக்கு அணைஞ்சு ஃபேன் நின்னு, பெட்டி கூட்டற பொண்ணு வந்து "பாட்டி, வண்டி யார்டுக்கு போவுது, எறங்குங்க"ன்னு எழுப்புற வரைக்கும். எழும்பூருக்கு இன்னும் 25 கி.மீ. கிடக்கு. இப்ப சொல்லுங்க, நிறுத்துன்னா டெர்மினேட்டா?

எஸ்7_ஜன்னலோரம்:
வந்துட்டாரு அண்ணன். வீட்டுல பேச முடியாதத இங்க பேசுறாரு, சரி. கல்யாணம் நின்னுபோச்சுன்னா என்ன அர்த்தம், ரெண்டு நிமிஷம் நின்னுட்டு திரும்ப கிளம்புமா? பால நிறுத்தியாச்சு, பேப்பர நிறுத்தியாச்சு, பொண்ணு படிப்ப நிறுத்திட்டாங்க, அவன வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. எல்லாமே டெர்மினேட் தான். அத்தை தூங்கிட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்றது.

பிழைதிருத்தி:
31 வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவன், அதனால சொல்றேன். தம்பி ஜன்னலோரம், "வேலைய விட்டு நிறுத்திட்டாங்க"ன்னு ஒரு உதாரணம் குடுத்தீங்க. "வேலைக்கு ஒரு ஆள நிறுத்தியிருக்கேன்"னும் சொல்றோமே, அது என்ன? ஒரே வினை, ஒண்ணு வேலைக்கு வச்சது, இன்னொண்ணு வேலைய விட்டு அனுப்பினது. தேர்தல்ல வேட்பாளர நிறுத்தினாங்கன்னா ஆள டெர்மினேட் பண்ணிட்டாங்களா? கம்பத்த நிறுத்தினாங்கன்னா? இந்த சொல்ல நம்பி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட முடியுமா? "முடிவுறுத்து"ன்னு ஒரு சொல் சும்மா கிடக்கு, எடுத்து போட உங்களுக்கு வலிக்குதா. லத்தீன்ல டெர்மினுஸ்னா எல்லைக்கல். ரோமாபுரியில அந்த கல்லுக்கு சாமி உண்டு, பிப்ரவரி 23 விழா, பக்கத்து வயக்காரன் ரெண்டு பேரும் கல்லுக்கு மாலை போட்டு படையல் வைப்பாங்க. எல்லைன்னா அதுக்கு மேல கிடையாது. நிறுத்தம்னா பஸ் ஸ்டாப்.

எஸ்7_ஜன்னலோரம்:
அத்தைக்கு போன்ல "வண்டி தாம்பரத்தில் முடிவுறுத்தப்படும்"னு சொல்லியிருந்தா ஆக்சிடெண்ட்டுன்னு நினைச்சு அங்கயே மயக்கம் போட்டிருப்பாங்க சார்.

சும்மாவந்தேன்:
தப்பு வினையில இல்லீங்களே, வேற்றுமையில தான இருக்கு. "தாம்பரத்துல நிக்கும்"னா ஸ்டாப். "தாம்பரத்தோட நின்னுடும்"னா அவ்வளவு தான், அதுக்கு மேல போகாது, படிக்காத பாட்டிக்கும் புரியும். "ஓட"ங்கிற உருபும் "விடு"ங்கிற துணைவினையும் போதும், புது சொல்லே வேணாம். இந்த இலையில இத சொன்னா யாரும்

பிழைதிருத்தி:
இலை இல்ல, இழை, அதாவது இந்த திரி. சிறப்பு ழகரம். மொதல்ல அத கத்துகிட்டு வேற்றுமைக்கு வாங்க.

லினக்ஸ்லிங்கம்:
கம்ப்யூட்டர்ல டெர்மினேட்டும் கில்லும் வேற வேற, ரெண்டுக்கும் "நிறுத்து"ன்னு போட்டா என் பொழப்பு நாறிடும். ஓடற புரோகிராமுக்கு (ப்ராசஸ்னு சொல்வோம்) அனுப்பற உத்தரவு தான் சிக்னல். சிக்னல் 15 டெர்மினேட், கதவ தட்டி "தம்பி, மூட்டைய கட்டு"ன்னு சொல்றது, அந்த ப்ராசஸ் ஃபைல சேமிச்சுட்டு போகலாம், மாட்டேன்னும் சொல்லலாம். 9 கில், கழுத்த புடிச்சு தள்றது, அத தடுக்க வழியில்ல. ஸ்டாப்னு தனியா ஒரு சிக்னலே இருக்கு, அது உறைய வைக்கிறது மட்டும், அப்புறம் கன்டினியூன்னா எழுந்து ஓடும். அதுக்கு தான் "நிறுத்து".

எஸ்7_ஜன்னலோரம்:
உங்க கம்ப்யூட்டர் எழும்பூருக்கு போகாது, விடுங்க.

வார்டு_அக்கா:
ஆஸ்பத்திரியில டெர்மினேஷன்னா கருக்கலைப்பு. 1971 கருக்கலைப்பு சட்டத்தோட இங்கிலீஷ் பேர்லயே அந்த சொல்லு இருக்கு. கருவ நிறுத்தினாங்கன்னு சொன்னா கரு தங்குச்சுன்னு சந்தோஷப்படுவாங்க.

பிழைதிருத்தி:
கேட்டீங்களா? நிறுத்துன்னா தங்கறது! இத தான் காலையில இருந்து அடிச்சுகிட்டு இருக்கேன்.

வல்லையூரான்:
எங்கட பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. பஸ்ஸை நிப்பாட்டுறது, வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், ரெண்டுக்கும் அதே "நிப்பாட்டு" தான், ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம். கந்தோர் (அலுவலக) கடிதம் எண்டால் மட்டும் "முடிவுறுத்தல்" எண்டு போடுவம். கதைக்கிறது ஒண்டு, எழுதுறது ஒண்டு. ஏன் இவ்வளவு சண்டை?

எஸ்7_ஜன்னலோரம்:
பாத்தீங்களா, யாழ்ப்பாணத்துலயும் நிப்பாட்டு தான்! நான் ஜெயிச்சுட்டேன்.

பிழைதிருத்தி:
அவர் முடிவுறுத்தல்னும் சொல்லியிருக்காரு, அது கண்ணுக்கு தெரியாது. பாதிய படிச்சுட்டு கைய தட்டறது உங்க பழக்கம், போன மாசம் "கேன்சல்" விவாதத்துலயும் இதே தான் பண்ணீங்க, ரத்துங்கிற சொல் அரபியில இருந்து வந்ததுன்னு நான் சொன்னத "பிழைதிருத்திக்கு ரத்து புடிக்காது"ன்னு திரிச்சு விட்டீங்க, மறக்கல. சரி, வேலை விஷயம் பேசுவோம். அரசியல் சட்டம் 311வது பிரிவுல டிஸ்மிஸ் வேற, ரிமூவ் வேற. டிஸ்மிஸ் ஆனவருக்கு பொதுவா மறுபடி அரசு வேலை கிடையாது, ரிமூவ் ஆனவருக்கு அந்த தடை இல்ல. நம்ம அரசாணை தமிழ்ல டிஸ்மிஸ் பணியறவு, ரிமூவ் பணிநீக்கம். அறவுங்கிற சொல்ல பாருங்க, அறுத்து விட்ட மாதிரி. சஸ்பெண்ட் பண்ணா பணியிடை நீக்கம். பத்திரிகைக்காரன் டிஸ்மிஸ், டெர்மினேட், லேஆஃப் மூணுக்கும் "பணிநீக்கம்"னு ஒரே சட்டைய மாட்டி விடறான், லேஆஃபுக்கு ஆட்குறைப்புன்னு இருக்கறது யாருக்கும் ஞாபகம் வரல. நிறுத்துன்னா இதுல எது? சொல்லுங்க, எது?

எஸ்7_ஜன்னலோரம்:
எல்லாம்.

லினக்ஸ்லிங்கம்:
🤦

சும்மாவந்தேன்:
டெர்மினாலியான்னு ஒரு மரப் பேரினம் இருக்கு, தெரியுமா? இலையெல்லாம் கிளை நுனியில கொத்தா இருக்கும், அதனால அந்த பேரு. மருதமரம், கடுக்காய், தான்றிக்காய் எல்லாம் அதுல சேர்த்தி. திரிபலா சூரணத்துல மூணுல ரெண்டு டெர்மினேட் தான். பிழைதிருத்தி ஐயா, இந்த தடவ இலை தான், சின்ன லகரம் போட்டிருக்கேன்.

எஸ்7_ஜன்னலோரம்:
ஐயா மூணு மணி நேரமா நமக்கு கடுக்காய் குடுக்கறது அதனால தானா 😂

பிழைதிருத்தி:
இலைக்கு லகரம் சரி. மத்தபடி கிண்டல் பண்ணிக்கோங்க. நிறுத்தம் வேற, முடிவு வேற. இத ஒத்துக்க ஒருத்தருக்கும் மனசு வரல. முனையம்னு எழும்பூர சொல்றோம், ஏன்? அங்க வண்டி முடியுது. நிறுத்தம்னு சொல்றோமா? தாம்பரம் யார்டு வேலை நடந்தப்போ, 2024ல, பேப்பர்ல எப்படி போட்டான்? "பகுதி ரத்து"ன்னான். அவன் கூட நிறுத்தம்னு போடல.

சும்மாவந்தேன்:
அது ஓடாத பகுதிக்கு சொல்றது. ஓடற பகுதிக்கு "தாம்பரத்துடன் நிறுத்தப்படும்"னு தான் அதே பேப்பர்ல

பிழைதிருத்தி:
பேப்பர் தமிழ ஆதாரமா காட்டாதீங்க.

சும்மாவந்தேன்:
இப்ப நீங்க தான காட்டினீங்க?

கூடுவாஞ்சேரியான்:
எல்லாரும் ஒரு நிமிஷம் இருங்க. மேல அவரு "அத்தை தூங்கிட்டாங்க"ன்னு எழுதியிருக்காரு, அத நான் விட முடியாது. அத்தை தூங்கல. முழிச்சுகிட்டு ஜன்னல் வழியா பாத்துகிட்டு இருந்தாங்க, "நிறுத்தப்படும்னு தான மாப்பிள்ளை சொன்னாரு"ன்னு என்கிட்ட அவங்க வாயால சொன்னாங்க.

எஸ்7_ஜன்னலோரம்:
எழுப்பினாங்கன்னு நீங்க தான எழுதினீங்க? தூங்கினா தான எழுப்ப முடியும்?

கூடுவாஞ்சேரியான்:
உக்காந்தவங்களையும் எழுப்பலாம் ஐயா, எழும்பூருக்கு பேரே அதனால தானோ என்னமோ.

பிழைதிருத்தி:
எழும்பூர் பேருக்கு அது காரணம் இல்ல. இதுக்கு தனியா ஒரு திரி போடறேன்.

எஸ்7_ஜன்னலோரம்:
போடுங்க. அண்ணே, நீங்க தாம்பரத்துக்கு ஆட்டோ வச்சு போய் அத்தைய கூட்டிட்டு வந்த 700 ரூவாய என் பேர்ல எழுதி வச்சிருக்கீங்கன்னு உங்க வீட்டுல சொன்னாங்களாம். மாமா காரியத்துக்கு பந்தல் காசு நான் குடுத்தது எந்த கணக்குல இருக்கு?

கூடுவாஞ்சேரியான்:
பந்தல் காசுல பாதி நான் குடுத்தேன். ரசீது இருக்கு, நாளைக்கு போட்டோ எடுத்து போடறேன்.

பிழைதிருத்தி:
ரசீதா, இரசீதா?