பூச்சி மாத்திரை கொடுத்தும் பிள்ளைகளுக்கு வயிறு சரியாகவில்லை

டீச்சர், மன்னார்குடி பக்கம்:
மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாளன்று என் கண் முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளையையும் அல்பெண்டசோல் மாத்திரையைச் சப்பித் தின்ன வைத்தேன். அப்படியும் ஐந்து பிள்ளைகளுக்கு மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வருகிறது. சத்துணவில் பாதியை வைத்துவிட்டு "வயிறு உப்பிக்கிச்சு டீச்சர்" என்கிறார்கள். ஒரு பையனுக்கு நிஜார் இடுப்பில் நிற்பதில்லை. அரைஞாண் கயிற்றை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறான். பார்க்கவே மனசு கேட்கவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லையா?

லேப் டெக்னீஷியன், திருவாரூர்:
மாத்திரை மேல் குற்றமில்லை டீச்சர். 400 மில்லிகிராம் ஒரே வேளை என்பது உருண்டைப் புழு போன்றவற்றுக்கு. நீங்கள் சொல்வது ஜியார்டியாவாக இருக்கலாம். அது புழுவே இல்லை, ஒரே செல் உயிரி. ஒரு வேளை மாத்திரைக்கு அடங்காது. மலம் கடுமையாக நாறுகிறதா, எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்று வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். மலப் பரிசோதனையை மூன்று தனித்தனி நாளில் செய்ய வேண்டும், ஏனென்றால் அது தினமும் வெளியே வராது. முதல் நாள் 'இல்லை' என்று எழுதிய பிள்ளைக்கு மூன்றாம் நாள் நானே பார்த்திருக்கிறேன்: லென்ஸுக்கு அடியில் இரண்டு கண் வைத்த முகம் மாதிரி நம்மையே பார்க்கும். மலம் ஆறிப்போனால் அந்த உருவம் தெரியாது, அதனால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். மருந்தை டாக்டர்தான் எழுத வேண்டும். கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நர்ஸ், திருத்துறைப்பூண்டி:
தண்ணீரையும் பாருங்கள் டீச்சர். டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொண்ட ஜியார்டியா குளோரினுக்குச் சட்டென்று சாகாது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் செத்துவிடும். அப்புறம், தண்ணீர்க் குழாயின் வால்வு இருக்கும் குழியை எட்டிப் பாருங்கள். பம்ப் நின்றதும் ஓட்டைக் குழாய் வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். வீட்டில் தம்பி தங்கைக்கும் ஒட்டும், கை கழுவ சோப்பு கட்டாயம்.

டீச்சர், மன்னார்குடி பக்கம்:
சாயங்காலமே போய்ப் பார்த்தேன் அக்கா. வால்வு குழி நிறையப் பச்சைத் தண்ணீர். இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது, அதுவும் கிழிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே வாய்க்கால். போட்டோ எடுத்து ஊராட்சியில் கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து சத்துணவு அக்கா ஒரு அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தருகிறேன் என்றார். விறகு என் பொறுப்பு. திங்கட்கிழமை ஐந்து பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன்.