சேம்பர் என்னும் சொல்: வளைகூரை தந்த பொருளா, அரண்மனை தந்த பொருளா?

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:
ஆங்கிலத்தில் அறையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒன்றான ‘சேம்பர்’ இன்று வழக்கறிஞரின் அலுவலகம், நாடாளுமன்ற அவை, வணிகர் சங்கம், துப்பாக்கியில் தோட்டா அமரும் இடம், இதயத்தின் நான்கு அறைகள் என எங்கெங்கோ போய் நிற்கிறது. வளைந்த கூரையைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் ‘கேமரா’வாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மேலே கவிந்து மூடிய இடம் என்ற ஒரே கருத்திலிருந்தே இத்தனை பொருளும் கிளைத்தன என்பது என் துணிபு.

கோட்டைமேடு எழுதியது:
நான் உடன்படவில்லை. மூடிய இடம் என்பதே காரணமானால், நிலவறைக்கும் சமையலறைக்கும் உரிய சொற்கள் ஏன் இப்படி வளரவில்லை? இங்கிலாந்தில் அரசரின் படுக்கையறையை ஒட்டியே அவருடைய சொந்தப் பணமும் காக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாளராக இருந்தவரே சேம்பர்லின். 1485 முதல் 1509 வரை ஆண்ட ஏழாம் ஹென்றி, கருவூலத்துறையின் மெத்தனமான நடைமுறையை ஒதுக்கிவிட்டு, வருவாயில் பெரும்பங்கைத் தம் சேம்பர் வழியாகவே வரவழைத்து, அதன் கணக்கேடுகளில் தாமே கையொப்பமிட்டார். அறை அலுவலகமானது சுவராலும் கூரையாலும் அன்று, உள்ளே அரசர் இருந்ததால்தான். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் ‘ஸ்டார் சேம்பர்’ அங்கே கூடிய நீதிமன்றத்துக்கே பெயராயிற்று. 1641இல் அந்த நீதிமன்றம் ஒழிக்கப்பட்ட பின்னும், மூடிய கதவுக்குள் நடக்கும் அநியாய விசாரணைக்கு வசைப்பெயராக அது நீடிக்கிறது. இடத்தின் பெயர் அங்கிருப்பவருக்கு ஆகிவரும் இதை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்று எளிதாகச் சொல்லிவிடும்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:
அவைக்கும் சங்கத்துக்கும் ஆகுபெயர் பொருந்தும், பீரங்கிக்குப் பொருந்துமா? பழைய பீரங்கிகள் சிலவற்றில் வெடிமருந்தைத் திணித்த குடுவை போன்ற பாகத்தைத் தனியே எடுத்துக் குழாயின் பின்புறம் செருகி ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அந்தப் பாகத்துக்குப் பெயர் சேம்பர். வரவேற்பு வேட்டுக்கான சிறு பீரங்கியையும் அப்படியே அழைத்தார்கள். 1613 ஜூன் 29 அன்று லண்டன் குளோப் அரங்கில், எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகத்தில் மன்னர் நுழையும் காட்சிக்காக வெடித்த சேம்பர்களிலிருந்து பறந்த பொறி கூரையில் பற்றி, அரங்கம் முழுவதும் எரிந்து போயிற்று. அங்கே மன்னராக வந்தவர் ஒரு நடிகர் என்பதைத் தவிர, இந்தப் பொருளுக்கும் அரண்மனைக்கும் என்ன தொடர்பு?

நீதிமன்றத் தெரு எழுதியது:
இருவரும் குடியிருப்பை மறந்துவிட்டீர்கள். லிங்கன்ஸ் இன் போன்ற லண்டன் சட்டக் கழகங்களில் வழக்கறிஞர்கள் தங்கிய அறைகளே அவர்களின் தொழிலிடமாகவும் இருந்தமையால்தான், சென்னையிலும் வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேம்பர் என்கிறோம். ஒரே அறையில் உடனுறைந்தவரைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து ‘காம்ரேட்’ வந்தது. அதில் கூரையும் இல்லை, அரசரும் இல்லை. நம் பழைய வீடுகளில் ஓர் அறைக்கு வழங்கிய ‘காமிரா உள்’ என்ற பெயரும் போர்த்துகீசியர் வழியாக வந்த இதே குடும்பத்துச் சொல்தான்.

கோட்டைமேடு எழுதியது:
காம்ரேட் என் கட்சிக்கே சான்று, ஏனெனில் அங்கும் இடத்தைவிட அதில் இருந்த மனிதரே பொருளைத் தீர்மானிக்கிறார். பீரங்கியையும் இதயத்தையும் வேண்டுமானால் வேர்ச்சொல் விரும்பியே எடுத்துக்கொள்ளட்டும். அவை உருவ ஒப்புமையால் கம்மியரும் மருத்துவரும் இட்ட பெயர்கள். 1836இல் தொடங்கிய மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸையும் கோடம்பாக்கத்தார் வாயில் அடிபடும் திரைத்துறைச் சங்கமான பிலிம் சேம்பரையும் மூடிய இடத்திலிருந்து வருவித்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:
அவ்விரண்டையும் முன்பே உங்கள் ஆகுபெயருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். செங்கல் சூளையை நம் ஊர்களில் சேம்பர் என்கிறார்களே, அதற்குள் எந்த மன்னரைத் தேடப்போகிறீர்கள்?