திரவ ஹீலியத்தில் குளிர்வித்தால் லாண்டவர் எல்லையைத் தாண்ட முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஒரு பிட் தகவலை (0 அல்லது 1 எனும் ஒற்றை இலக்கத்தை) அழிக்கும்போது, போல்ட்ஸ்மன் மாறிலி, தனிவெப்பநிலை, 2-இன் இயற்கை மடக்கை ஆகியவற்றின் பெருக்குத்தொகை அளவு ஆற்றலாவது வெப்பமாக வெளியேறியே தீரும் என்று ஐ.பி.எம். ஆய்வாளர் ரால்ஃப் லாண்டவர் 1961-இல் காட்டினார். இதுவே லாண்டவர் எல்லை; 300 கெல்வினில் (அறை வெப்பநிலையில்) இது ஏறத்தாழ 2.9 × 10⁻²¹ ஜூல். அப்படியானால், கணினிச் சில்லை 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்தில் வைத்தால் இச்செலவு 70 மடங்குக்கு மேல் குறைந்துவிடாதா?

பதில் 1:
சில்லில் குறையும், ஆனால் மொத்தச் செலவில் குறையாது. 4.2 கெல்வினில் வெளிப்படும் வெப்பத்தை 300 கெல்வின் அறைக்குத் தள்ளுவதற்கு, கார்னோ சுழற்சியில் (கோட்பாட்டில் இயன்ற மிகச் சிக்கனமான சுழற்சியில்) குறையின்றி இயங்கும் குளிர்விப்பானுக்கே அவ்வெப்பத்தைப்போல் சுமார் 70 மடங்கு வேலை தேவை. அதையும் அழிப்பதற்கான ஆற்றலையும் கூட்டினால், 300 கெல்வினுக்குரிய அதே 2.9 × 10⁻²¹ ஜூல்தான் திரும்ப வருகிறது. உண்மையான குளிர்விப்பான்கள் இதைவிடப் பல மடங்கு விழுங்குவதால், இந்த வழியில் நட்டமே மிஞ்சும். (2.7 கெல்வின் விண்வெளிப் பின்னணிக்கு நேரடியாகக் கதிர்வீசும் கருவியின் கணக்கு வேறு.)

பதில் 2:
இன்றைய சில்லுகள் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. சில்லில் ஒரு பிட்டைக் குறிக்க, 1 ஃபெம்டோஃபாரட் (10⁻¹⁵ ஃபாரட்) மின்தேக்கியை 1 வோல்ட் வரை ஒரே வீச்சில் மின்னேற்றினால், வழியிலுள்ள மின்தடையில் 5 × 10⁻¹⁶ ஜூல் வீணாகிறது. இது லாண்டவர் எல்லையைப்போல் சுமார் 1.7 லட்சம் மடங்கு. மின்னழுத்தத்தை மேலும் குறைக்கலாமே என்றால், வெப்ப இரைச்சலால் (வெப்பத்தால் எழும் தற்செயல் மின் ஏற்ற இறக்கங்களால்) 0, 1 எனும் நிலைகளைப் பிழையின்றிப் பிரித்தறிவது கடினமாகிறது. எல்லை உண்மைதானா என்ற ஐயம் வேண்டாம். பிரான்சின் லியோனில் 2012-இல் நடந்த சோதனையில், லேசரால் அமைத்த இரட்டைப் பள்ளத்தில் 2 மைக்ரோமீட்டர் சிலிக்கா மணியொன்றை ஒரு பிட்டாகக் கொண்டு (ஒரு பள்ளத்தில் இருந்தால் 0, மற்றதில் இருந்தால் 1), அழிப்பை மெதுவாக்க மெதுவாக்க, சராசரி வெப்பம் அந்த எல்லையை நெருங்குவதை அளந்தார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அழிப்பதற்குத்தான் செலவு என்றால், எதையுமே அழிக்காமல் கணக்கிட இயலாதா?

பதில் 1:
கோட்பாட்டளவில் இயலும். இரு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டுமே 1 தரும் ‘மற்றும்’ (AND) வாயிலில் 0 வெளிவந்தால், உள்ளே சென்றது 00, 01, 10 ஆகிய மூன்றில் எது என்று பின்னோக்கிச் சொல்ல முடியாது. இழப்பு அங்குதான் நேர்கிறது. இடைநிலை விவரங்கள் அனைத்தையும் சேமித்து, விடையை மட்டும் வெற்று நினைவகத்தில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு கணக்கீட்டை அப்படியே பின்னோக்கி ஓட்டினால், சேமித்தவை அழிக்கப்படாமலே தொடக்க நிலைக்கு மீளும் என்று ஐ.பி.எம். ஆய்வாளர் சார்லஸ் பென்னட் 1973-இல் நிறுவினார். ஆனால் இதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டும், படிகளும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஒவ்வொரு படியையும் மிக மெதுவாக நடத்தவும் வேண்டும். விடை எழுதிய நினைவகத்தை அடுத்த கணக்குக்காக வெறுமையாக்கும்போது, அதிலுள்ள பிட்டுகளுக்குரிய வெப்பத்தைச் செலுத்தியே ஆக வேண்டும்.