பணிப்பதிவேட்டில் ஏறாத ஒரு வரி: ஊதியம், மதிப்பீடு, பதவி உயர்வு பற்றிய எங்கள் அனுபவங்கள்

தருமபுரி, அமைச்சுப் பணியாளர்

தொகுதி 4 தேர்வில் தேர்ச்சி பெற்று 2013-இல் தருமபுரி மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் அரசுப் பணிக்குப் போன முதல் ஆள் நான்தான். பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, மாதக் கடைசியில் தவறாமல் சம்பளம் வரும் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. எனக்கும் அதற்கு மேல் எண்ணம் ஓடவில்லை. அந்தச் சம்பளம் எதனால் ஏறுகிறது, எதனால் நின்றுபோகிறது என்பதை முதல் ஆறு ஆண்டுகள் நான் யாரிடமும் கேட்டதே இல்லை. அதனால் நேர்ந்ததை விரிவாக எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சியை முடித்தேன். தேர்வாணையம் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத் தேர்வுகளில், மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வை இரண்டாம் முயற்சியில் தேறினேன். தேர்ச்சி விவரம் தேர்வாணையச் செய்தி இதழில் வெளிவந்ததும் அந்தப் பக்கத்தின் நகலைப் பணியமைப்புப் பிரிவில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று என் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன். அந்த நகலைக் கொண்டு, ஒருவரின் பணி விவரங்கள் அனைத்தும் ஏறும் பணிப்பதிவேட்டில் பதிவு செய்து, அலுவலகத் தலைவரின் கையொப்பம் பெற்றால்தான் தேர்ச்சி என்பது கணக்கில் வரும் என்பது எனக்குத் தெரியாது. நகல் ஏதோ ஒரு கோப்பில் தங்கிவிட்டது.

2019-இல் உதவியாளர் பதவி உயர்வுக்குத் தகுதி வாய்ந்தோர் பட்டியல் தயாரானபோது, பணிமூப்பில் எனக்குக் கீழே இருந்த மூவரின் பெயர் அதில் இருந்தது; என் பெயர் இல்லை. 'துறைத் தேர்வு தேர்ச்சி பெறவில்லை' என்று குறிப்புப் பத்தியில் எழுதியிருந்ததைப் படித்த நாளில் நான் மதிய உணவை உண்ணவில்லை. தேர்ச்சி பெற்றதற்கான சான்று வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது. பட்டியல் தயாரிப்பவர்களோ பீரோவைப் பார்ப்பதில்லை, பணிப்பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் அம்மா அன்று மாலையே என்னை உட்காரவைத்து மேல்முறையீட்டு மனுவை எழுதவைத்தார். கோபத்தை எழுதாதே, நாளையும் பக்க எண்ணையும் எழுது என்றார். மனு மூன்று அலுவலகங்களுக்குப் போய்த் திரும்பப் பதினான்கு மாதங்கள் ஆயின. முடிவில் என் பெயர் உரிய இடத்தில் சேர்க்கப்பட்டது. இளையவர் பதவி உயர்வு பெற்ற நாளிலிருந்தே நானும் பெற்றதாகக் கருதி ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் அது கருத்தியலான பதவி உயர்வு என்பதால் இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவைத் தொகை கிடையாது. உழைத்த காலத்துக்கு உரிய பணம் ஒருவரின் கவனக்குறைவால் இல்லாமல் போவது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நகலைக் கொடுத்ததோடு விட்டுவிட்ட எனக்கும் அதில் பங்கு உண்டு.

ஊதியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 11-இல் வந்த தமிழக அரசின் ஊதியத் திருத்த அரசாணை 303-இன்படி பழைய அடிப்படை ஊதியமும் தர ஊதியமும் 2.57-ஆல் பெருக்கப்பட்டு, இளநிலை உதவியாளருக்கு 19,500 ரூபாயில் தொடங்கும் எட்டாம் நிலை கிடைத்தது. கணக்களவில் 2016 ஜனவரி முதல் நடைமுறை; கைக்குப் பணம் வந்ததோ 2017 அக்டோபர் முதல். இடையே இருந்த 21 மாதங்களுக்கு நிலுவை வரவில்லை. ஆண்டு ஊதிய உயர்வு 3 விழுக்காடு, அதாவது தொடக்க நிலையில் 600 ரூபாய். சிறிய தொகையாகத் தெரியும் அந்த 600-இன் மேல்தான் அகவிலைப்படியும் அடுத்தடுத்த உயர்வுகளும் ஏறுகின்றன. பத்தாண்டில் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை என்று ஒரே பதவியில் இருப்பவருக்கும் ஓர் ஏற்றம் உண்டு. அதற்கும் பணிப்பதிவேடு குறையின்றி இருந்தாக வேண்டும்.

கிருஷ்ணகிரி, மத்திய அரசுப் பணியாளர்

அக்கா எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கம் நிலைமை சற்று வேறு. ஆண்டுதோறும் ஏபிஏஆர் எனும் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையில் பத்துக்கு இத்தனை என்று எண்ணால் எழுதிவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறுக்குள் இருந்தால் 'நன்று', ஆறு முதல் எட்டுக்குள் 'மிக நன்று', எட்டுக்கு மேல் 'சிறப்பு'. 'நன்று' என்ற சொல்லைப் படித்தால் பாராட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் பதவி உயர்வு இல்லாதவருக்குக் கிடைக்கும் எம்ஏசிபி ஊதிய ஏற்றத்துக்கு, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 'மிக நன்று' என்பதே தகுதிக் கோடாகிவிட்டது. அப்படியானால் 'நன்று' என்பது நடைமுறையில் தோல்வி மதிப்பெண்தான்.

ஓராண்டில் எனக்கு 5.6 எழுதப்பட்டிருந்தது. அறிக்கையை என்னிடம் காட்டிக் கையொப்பம் வாங்கினார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியின் தொடர்ச்சியில் இருந்த நான் எண்ணைப் பார்த்தும் அதன் பொருளை யோசிக்காமல் கையொப்பமிட்டேன். எதிர்த்து முறையிடப் பதினைந்து நாட்கள் உண்டு, அவை கடந்துபோயின. பத்தாண்டு நிறைந்தபோது என் ஊதிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. காரணம் அந்த ஒரே ஓர் ஆண்டு. எங்கள் விதியின்படி முதல் ஏற்றம் தள்ளிப்போனால் அடுத்த ஏற்றமும் அதே அளவு தள்ளிப்போகிறது.

இப்படி அறிக்கையை நம்மிடம் காட்டும் வழக்கமே ஒரு பணியாளர் வழக்காடிப் பெற்றது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94-ஆம் ஆண்டில் 'நன்று' என்று எழுதி, அதை அவருக்குத் தெரிவிக்காமலே பதவி உயர்வை மறுத்தார்கள். குறிப்பு நல்லதானாலும் கெட்டதானாலும் உரியவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அறிக்கை முழுவதையும் காட்ட வேண்டும் என்ற ஆணை வந்தது. அவர் பெற்றுத்தந்த உரிமையை நான் படிக்காமல் கையொப்பமிட்டு விட்டுவிட்டேன் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. இப்போது சுயமதிப்பீட்டுப் பகுதியை ஒரு வாரம் எடுத்து எழுதுகிறேன். எத்தனை கோப்புகள் முடித்தேன், எது நிலுவை, ஏன் நிலுவை என்பதை எண்ணோடு எழுதினால், குறைத்து மதிப்பிடுபவர் அதற்குக் காரணம் எழுத வேண்டியதாகிறது.

அரூர், ஓய்வு பெற்றவர்

இருவரும் எழுதியது ஏட்டில் நேரும் பிழையைப் பற்றி. ஏடு சரியாகவே இருந்தும் காத்திருக்க நேர்வது உண்டு. நான் சேர்ந்தபோது கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோது எந்தப் பக்கம் போவது என்று எங்களிடம் விருப்பம் கேட்டார்கள். பணிமூப்பு மாவட்ட அளவில் கணக்கிடப்படும் எங்களைப் போன்றவர்களுக்கு அது வீடு எங்கே என்ற கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம், அங்கே யார் எப்போது ஓய்வு பெறுவார் என்று தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தோம். அரூர் வீட்டையும் வயதான தாயாரையும் விட முடியாமல் நான் இங்கேயே இருந்தேன். ஓசூர்ப் பக்கம் சென்ற நண்பர் எனக்கு முன்னதாகப் பதவி உயர்வு பெற்றார். வாடகைக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போகிறது என்று அவரும் வருந்தியதுண்டு.

ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. எனக்கு இரண்டாண்டு கூடுதல் பணி கிடைத்தது. ஆனால் நான் காலி செய்யாத நாற்காலிக்காகக் கீழே இருந்த ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். என் பிரிவில் இருந்த உதவியாளர் தம்பி ஒருநாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அரசு வயதை உயர்த்தும்போதே மேல்நிலைப் பணியிடங்களையும் தற்காலிகமாகக் கூட்டியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

தேன்கனிக்கோட்டை வட்டம், கிராம நிர்வாக அலுவலர்

பட்டியல் தயாராகும் நேரத்தில் எனக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. நான் பொறுப்பேற்பதற்கு முன் நடந்த பட்டா மாறுதல் ஒன்றைப் பற்றியது அது. பதவி உயர்வு போய்விட்டதா என்று தெரியாமல் உறக்கமின்றி இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரி, அமைச்சுப் பணியாளர்

தம்பி, குறிப்பாணை நிலுவையில் இருக்கும் வரை இந்தப் பட்டியலில் உங்கள் பெயரைத் தள்ளிவைப்பார்கள். அது மறுப்பு ஆகாது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டால் அதே பட்டியலில், உங்கள் பழைய இடத்திலேயே பெயரைச் சேர்க்குமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் பொறுப்பேற்ற நாளைக் காட்டும் பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கையின் நகலையும், அந்தப் பட்டா மாறுதல் ஆணையின் நாளையும் விளக்கத்துடன் இணையுங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் கொடுத்து, தபால் பிரிவில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். விசாரணை அலுவலர் அழைத்தால் வாய்மொழியாக மட்டும் பேசிவிட்டு வராதீர்கள்.

தண்டனை என்றே வந்தாலும் ஆணையில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'திரண்ட பயனின்றி' ஊதிய உயர்வை நிறுத்தினால், காலம் முடிந்ததும் ஊதியம் பழைய நிலைக்கு ஏறிவிடும். 'திரண்ட பயனுடன்' என்றால் அந்த இழப்பு பணிக்காலம் முழுவதும் கூடவே வரும். அப்படி வந்தால் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதக் கெடு உண்டு. ஆணை கைக்குக் கிடைத்த நாளைக் குறித்துக்கொண்டு அன்றே இங்கே எழுதுங்கள். மனுவை நாம் சேர்ந்து தயார் செய்யலாம்.